புது வீடும் புகைக்கூடும்

ஆவணி 2024

மேசன் தம்பி இன்றைக்கு அத்திவாரத்துக்குக் கயிறு கட்ட வந்தார். மாமர நிழலில் படத்தை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துக் காட்டினார். இரண்டு அறை, ஒரு ஹோல், முன்விறாந்தை, வீட்டுக்குள்ளேயே குசினி. குசினி மேடைக்குக் கீழே காஸ் சிலிண்டர் வைக்க அளவாக ஒரு பெட்டி.

“விறகடுப்பு எங்கை தம்பி?”

“அதுக்கென்ன ரீச்சர், வீடு முடியப் பின்னாலை கிணத்தடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டில் இறக்கிவிடலாம்.”

நல்ல வேலைக்காரர். மட்டம் பிடித்தால் ஒரு நூல் பிசகாது. ஆனால் அந்த ‘வீடு முடிய’ என்ற சொல்லை இரண்டு வருஷத்துக்கு முதல் வேறோர் ஊரில், வேறோர் அடுப்பைப் பற்றி, என் மருமகன் வாயால் கேட்டிருக்கிறேன். மேசன் தம்பி போனபிறகு பழைய கொப்பி ஒன்றைத் தேடி எடுத்தேன். நெருப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மறக்கமுன் எழுதிவைக்க வேண்டும். கயிறு கட்டியாயிற்று. சுவர் எழும்ப அதிக நாளில்லை.

*

மகளின் புது வீடு ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லோரென்ஸ்கூக்கில், ஒரு சரிவில் நிற்கிறது. றோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தட்டு. பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் இரண்டு தட்டு. கீழ்த்தட்டு பாதிக்கு மேல் மண்ணுக்குள். அதை அவர்கள் ‘ஷெல்லர்’ என்கிறார்கள், கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்கள் பேஸ்மென்ற் என்பது போல. அங்கேதான் அடுப்பு. கறுத்த வார்ப்பிரும்பு, கண்ணாடிக் கதவு, நாலு குட்டைக் கால்கள்.

நான் போய் இறங்கியது 2022 கார்த்திகையில். “ஏன் கீழை வைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“படத்திலை அடுப்புக்கு இடம் விடேல்லை மாமி. வீடு முடியத்தான் வாங்கினது. மேலை வைச்சால் சாம்பல், தூசி. சூடு மேலைதானே போகும் எண்டு கீழை வைச்சிட்டம்.”

சூடு மேலேதான் போகும். உண்மை. முப்பத்திரண்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான், அதை மறுக்க முடியாது. ஆனால் காற்று எங்கிருந்து வரும், புகை எந்த வழியால் போகும் என்ற இரண்டையும் கேட்காமல் சூட்டை மட்டும் கேட்பது பாதிக் கேள்வி.

*

நோர்வேயில் சிறு வீடு கட்டினால் புகைக்கூடு வைத்துத்தான் கட்டவேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. குழாயில் சுடுநீர் ஓடவிட்டுச் சூடேற்றும் வீட்டுக்கும், சூடே அதிகம் தேவைப்படாதபடி கட்டிய வீட்டுக்கும் விலக்கு. மின்சாரம் நின்றாலும் ஆட்கள் உறைந்துபோகக் கூடாது. அடுப்பு வாங்குகிறாயோ இல்லையோ, புகைக்கு வழி முதலில் இருக்கட்டும். இந்த ஒரு விதிக்காக அந்த நாட்டைக் கும்பிடலாம். மகள் வீட்டிலும் புகைக்கூடு இருந்தது. அதன் அடியில் யாரும் அடுப்பை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

*

2022இல் தாயும் மகளும் ஒரே வருஷத்தில் விறகுக்குத் திரும்பினோம். இதை அப்போது நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

இங்கே, இலங்கையில்: 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்ரோபரில் 1,493 ரூபாவிலிருந்து 2,750க்குப் போனது. கார்த்திகை மார்கழியில் அடுப்புகள் வெடித்த செய்தி. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா, அதுவும் கிடைத்தால். வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்த நாட்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டு முற்றத்தில் மூன்று சீமெந்துக் கல்லை வைத்து, பூவரசங் கொம்பையும் ஊமலையும் எரித்துச் சமைத்தேன்.

அங்கே: தென் நோர்வேயில் மின்கட்டணம் யாரும் காணாத உயரத்துக்கு ஏறியது. 2021 டிசம்பரிலிருந்து அரசாங்கமே கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கத் தொடங்கியது. மகள் வீட்டில் அறை ஒவ்வொன்றிலும் மின்சூடாக்கி. பில்லைப் பார்த்தபிறகுதான் கீழே அடுப்பு வந்தது.

*

முதல் நாள் மூட்டியவர் மருமகன். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 11 பாகை. கட்டையை அடுக்கி, கீழே கடதாசி வைத்து, நெருப்புக்குச்சியைத் தட்டினார். புகை கூட்டுக்குள் போகவில்லை. ஒரு தரம் கண்ணாடிக்குள் சுழன்று, கதவு இடுக்கால் எங்கள் முகத்துக்கு வந்தது. மேலே அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. பேத்தி படியில் பாதியில் நின்று, “அம்மம்மா, வீடு எரியுதோ?” என்கிறாள்.

அடுப்பில் பிழை இல்லை. மேலே குசினியில் மகள் மோர்மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சி முழு வேகத்தில் இழுத்தது. புது வீடு போத்தல் மாதிரி அடைப்பு, யன்னலுக்கெல்லாம் மூன்று கண்ணாடி, கதவுக்கெல்லாம் றப்பர். உறிஞ்சி வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வரவேண்டும். திறந்திருந்த வாசல் ஒன்றே ஒன்று, புகைக்கூடு. அதனால் புகைக்கூட்டில் காற்று மேலிருந்து கீழே வந்தது. போதாக்குறைக்கு, கூட்டுக்குள் நின்ற காற்று இரவெல்லாம் உறைந்த காற்று. பாரமானது. மூடி போட்டதுபோல அடுப்பின் தலையில் குந்தியிருந்தது.

இன்னுமொன்று உண்டு, கீழறையில் அடுப்பு வைப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. குளிர்நாட்டில் சூடேறிய வீடு முழுவதுமே ஒரு புகைக்கூடுதான். சூட்டுக்காற்று ஏறி மேல்தட்டு இடுக்குகளால் கசியும், அதற்கு ஈடாகக் கீழ்த்தட்டு வெளியிலிருந்து காற்றை உறிஞ்சும். ஆகவே வீட்டிலேயே அதிகம் உறிஞ்சும் இடம் கீழறை. அங்கே நிற்கும் அடுப்பு வீட்டோடு இழுபறிப்பட வேண்டியிருக்கிறது. நெருப்பு நன்றாகப் பிடித்தால் அடுப்பு வெல்லும், மூட்டும்போதும் அணையும்போதும் வீடு வெல்லும்.

“பிள்ளை, அந்த உறிஞ்சியை நிப்பாட்டு. தம்பி, யன்னலை நாலு விரல் திறவுங்கோ.” ஒரு கடதாசியைப் பந்தமாக முறுக்கி, கொளுத்தி, அடுப்புக்குள் மேல்வாயில் பிடித்தேன். அரை நிமிஷம் புகை தயங்கியது. பிறகு ‘ஹூ’ என்றொரு சத்தம். சங்கை வாயில் வைத்ததும் உள்ளே காற்று போகும் சத்தம் போல. கூடு சூடாகிவிட்டது. நெருப்பு நிமிர்ந்தது.

அடுத்த கிழமை மருமகன் ஆளைக் கூப்பிட்டு, வெளிக்காற்றை நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் ஒன்றைச் சுவரில் போடுவித்தார். கட்டும்போதே போட்டிருந்தால் சுவரைத் துளைக்கும் வேலை இருந்திராது.

*

அங்கே நான் செய்த பிழை ஒன்று. எரிகிற கட்டையை வெளியே இழுக்கக் கை போனது. அறுபது வருஷப் பழக்கம். எங்கள் அடுப்பில் காற்று இலவசம், எந்நேரமும் திறந்தே கிடக்கும். நெருப்பை ஆள்வது விறகால். சோறு கொதித்தால் கொள்ளியை இழு, குழம்பு வற்றவேண்டுமென்றால் தணலில் விடு. அவர்கள் அடுப்பில் விறகை வைத்துக் கதவைச் சாத்தினால் பிறகு தொடுவதில்லை. ஆள்வது காற்றால், கீழே ஒரு நெம்பு, மேலே ஒரு நெம்பு. இது பிடிபட எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

இரவில் காற்றை அறவே அடைத்துவிட்டுப் படுத்தால் விடியுமட்டும் தணல் நிற்கும் என்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிற்கும்தான். ஆனால் காற்றில்லாமல் புழுங்கும் விறகு கீலாகக் கசிந்து கூட்டுச் சுவரில் படியும். ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். கண்ணாடி கறுத்தால் காற்றுப் போதவில்லை என்று அடுப்பே சொல்கிறது. சிறிய நெருப்பு வேண்டுமென்றால் விறகைக் குறை, காற்றைக் குறைக்காதே.

*

அவர்கள் நெருப்பு மூட்டும் முறை தலைகீழ். பெரிய கட்டை அடியில், சின்னக் குச்சிகள் மேலே, உச்சியில் பேர்ச் மரப் பட்டை. மேலிருந்து மெழுகுதிரிபோல் கீழ்நோக்கி எரியும். கீழ்க் கட்டை சூடாகி விடும் வாயு, மேலே எரியும் சுவாலைக்குள்ளால் போகவேண்டும். போகும்போது அதுவும் எரிந்துவிடும். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதான். தப்பவிடாமல் செய்வதே முழு வித்தையும். 1998இலிருந்து அங்கே விற்கும் அடுப்புகள் எல்லாம் இப்படிப் புகை வாயுவை இரண்டாம் முறை காற்றுக் கொடுத்து எரிப்பவையாக இருக்கவேண்டும்.

பேர்ச் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தோல், உரித்தால் கடதாசி கடதாசியாக வரும், உள்ளே எண்ணெய்ப் பசை. ஈரமாக இருந்தாலும் பிடிக்கும். எங்கள் பன்னாடைக்கு அண்ணன் முறை. ஒவ்வொரு குளிருக்கும் ஒவ்வோர் அடுப்புக்கும் அந்த மண்ணே ஒரு தீமூட்டியை மரத்தில் தொங்கவிட்டிருக்கிறது.

*

நோர்வேத் தொலைக்காட்சி 2013 பெப்ரவரியில் ஓர் இரவு முழுக்க விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தியது. வெட்டுவது, அடுக்குவது, பிறகு மணிக்கணக்கில் எரியும் அடுப்பு ஒன்றை மட்டும். வந்த முறைப்பாடுகளில் பாதி, பட்டைப் பக்கத்தை மேலே பார்க்க அடுக்கிவிட்டார்கள் என்று. மற்றப் பாதி, கீழே பார்க்க அடுக்கிவிட்டார்கள் என்று. மருமகன் இதைச் சொன்னபோது எனக்கு என் மாமியாரின் ஞாபகம் வந்தது. விறகைக் குறுக்காக அடுக்கினால் ஒருநாள் முழுக்கப் பேசமாட்டார். விறகில் உயிர் தங்கியிருந்த சனத்துக்குத்தான் அந்தக் கோபம் வரும்.

*

புதுக் கொங்கிறீற் தண்ணீர் குடித்த கொங்கிறீற். காய ஒரு வருஷத்துக்கு மேல் எடுக்கும். முதல் மாதம் கீழே எரித்த விறகில் கணிசமான பங்கு மேலே வரவே இல்லை. சுவரைக் காயவைத்துக்கொண்டிருந்தது. விடிய யன்னலெல்லாம் வியர்த்துக் கிடக்கும். மகள் துணியோடு திரிவாள். தை பிறந்தபிறகுதான் ஒரு மாற்றம். இரவு பத்து மணிக்கு நெருப்பு அடங்கினாலும் காலையில் சுவரில் கை வைத்தால் மாட்டு வயிறுபோல இளஞ்சூடு. அந்தப் பாரமான சுவர் சூட்டை வாங்கி வைத்திருந்து இரவில் கொடுக்கிறது. கீழறை அடுப்புக்கு நான் கண்ட பெரிய நன்மை இதுதான். சுவருக்கு வெளிப்புறத்தில் சூடு காக்கும் பலகை போட்டிருந்தால் மட்டும். போடாவிட்டால் அந்தச் சூடு மண்ணுக்குத்தான்.

சூடு மேலே ஏறப் படி ஒன்றே வழி. படிக்கதவைத் திறந்து வைத்தால் ஹோல் சூடாகும், படுக்கை அறை சில்லென்றிருக்கும், புகைக்கூடு போகும் பேத்தியின் அறை மட்டும் வேகும். மருமகன் நிலத்தைத் துளைத்து ஒரு கம்பி வலை வைக்கலாம் என்று யோசித்தார். நான் வேண்டாமென்றேன். சூடு ஏறும் துவாரத்தால், ஒரு நாள் ஏதும் நடந்தால், புகையும் ஏறும். மேலே பிள்ளை படுக்கிறாள். கேட்காமல் துளைக்காதேங்கோ என்று நிப்பாட்டினேன்.

*

புகைக்கூடு துடைக்க நகரசபையின் தீயணைப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். கறுப்பு உடுப்பு, தோளில் வளையமாகச் சுற்றிய தூரிகை. கூரையில் ஏறி வேலை செய்துவிட்டு இறங்கி வந்து விறகு அடுக்கைப் பார்த்தார். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். ‘டங்’ என்றது. தலையாட்டினார். மந்தமாக ‘தொப்’ என்றால் ஈரம். மகளிடம் சாம்பல் எங்கே கொட்டுகிறாய் என்று கேட்டார். மூடியுள்ள இரும்பு வாளி, வீட்டுக்கு வெளியே, மரத்தில் படாமல். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

பச்சை விறகில் பாதிப் பாரம் தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை எரிப்பவர் அரை லீற்றர் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார். அதனால் போகும் சூட்டைவிடப் பெரிய நட்டம், நெருப்புக் குளிர்ந்து புகை எரியாமல் போவது. காய்ந்த விறகு கிலோவுக்கு 4 கிலோவாற் மணிக்குக் கிட்டத் தரும். அது பேர்ச்சானாலும் பாலையானாலும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் கைக்குள் வரும் பாரத்தில்தான்.

*

குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். எங்கள் ஆட்களில் அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர். பிறகு சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் வந்தது, வலையும் வள்ளமும் வந்தன. எண்பதுகளில் வட நோர்வே மீன் தொழிற்சாலைகளுக்கு எங்கள் பொடியள் போனார்கள். சூரியன் வராத மாதங்களில் அவர்களில் எத்தனை பேர் இப்படி ஓர் அடுப்புக்கு முன் குந்தியிருந்து, முதல் தரம் காற்று நெம்பைப் பிடித்திருப்பார்கள் என்று அந்தக் கீழறையில் இருந்து யோசித்திருக்கிறேன்.

*

இனி இங்கே.

தொண்டைமானாற்றில் கீழறை கிடையாது. கட்டவும் முடியாது. எங்கள் வளவில் கிணறு பதினோராம் அடியில் தண்ணீர் கண்டது. சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, உவர் உள்ளே ஏறாமல் ஆற்றுவாயில் தடுப்பணை. இங்கே தோண்டுபவன் அறை தோண்டமாட்டான், கேணிதான் தோண்டுவான்.

சூட்டுக்காக நெருப்பு வைக்கும் வழக்கமும் அரிது. மார்கழியில் 20 பாகைக்குக் கிட்ட இறங்கினாலே நாங்கள் தலையில் துவாய் கட்டிவிடுவோம். விடியக் கூட்டிய குப்பையில் குளிர்காய்வது, மாட்டுக்கொட்டிலில் நுளம்புக்குப் புகை மூட்டுவது, பிள்ளை பெற்றவளின் அறையில் சிரட்டைத் தணல் ஒரு சட்டியில். அந்தச் சட்டியைப் பற்றி ஒன்று: என் தலைப்பிள்ளைக்கு அம்மா வைத்தார், ஆனால் கதவைத் திறந்தே வைப்பார். “தணல் மூச்சை எடுக்கும்” என்பார். அது காபனோரொட்சைட்டு என்று நான் வகுப்பில் படிப்பித்தேன். அம்மாவுக்குப் பெயர் தெரியாது, குணம் தெரியும்.

*

செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் திருவிழா நடக்கிறது. அன்னதானக் கந்தன் என்று சும்மா சொல்லவில்லை. உள்ளே வாய் கட்டிப் பூசை, 65 ஆலிலையில் அமுது. வெளியே மடமெல்லாம் அடுப்பு. நேற்று ஒரு மடத்தின் பின்பக்கம் நின்று சமையலைப் பார்த்தேன். பெரிய கிடாரத்தில் சோறு கொதி வந்ததும் ஓர் ஐயா ஒன்றும் பேசாமல் இரண்டு பெரிய கட்டையைக் காலால் பின்னுக்கு உதைத்தார். கொதி அடங்கியது. அரைச் சாண் இழுப்பில் அளவு தெரிகிறது. புகை ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் நின்ற பக்கம் சுத்தமான காற்று. தற்செயலாக அங்கே நிற்கவில்லை.

*

இதே வளவில் இருந்த பழைய வீட்டை 1987 மே மாதம் விட்டுப் போனோம். வடமராட்சியில் இராணுவத்தின் ஒப்பரேஷன் லிபரேஷன் தொடங்கிய கிழமை. திரும்பிப் பார்க்கக் கிடைத்தபோது பெரிய வீட்டுக்குக் கூரையும் இல்லை, நிலையும் இல்லை. அடுக்களையின் ஒரு சுவர் மட்டும் நின்றது. மாமியாரின் அடுப்புக்குப் பின்சுவர். மழை இத்தனை வருஷம் அடித்தும் அதில் கரி போகவில்லை. விரலால் தொட்டேன், கறுப்பு ஒட்டியது.

அந்தச் சுவர் நின்ற இடம் வளவின் தென்கிழக்கு மூலை.

*

தென்கிழக்கு அக்கினி மூலை, அங்கே அடுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். சாத்திரம் என்று விட்டிருந்தேன். இன்றைக்கு ஒரு தாளில் வளவைக் கீறிப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் வருஷத்தில் நின்று வீசும் காற்று இரண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மழையோடு தொடங்கி மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை. அடுப்பு தென்கிழக்கில் இருந்தால் வீடு அதற்கு வடமேற்கில் இருக்கும். சோளகம் புகையை வடகிழக்கே தள்ளும், வாடை தென்மேற்கே தள்ளும். இரண்டு காற்றும் புகையை வீட்டின் பக்கத்தால் கொண்டுபோகும், வீட்டின் மேலே கொண்டுவராது. மேசன் தம்பி சொன்ன கிணற்றடி வடகிழக்கு. அங்கே கொட்டில் போட்டால் ஐப்பசியிலிருந்து மாசி வரை வாடை அவ்வளவு புகையையும் நேரே ஹோலுக்குக் கொண்டுவரும். தென்மேற்கில் போட்டால் சோளகம் அதைச் செய்யும்.

அக்கினி மூலை வாய்க்காவிட்டால் வாயு மூலை, வடமேற்கு, என்பார்கள். கணக்குப்படி அதுவும் சரி. ஆனால் வடமேற்கில் பின்னேர வெயில் சமைப்பவளின் முதுகில் விழும்.

வாத்தியார் வேலையில் இவ்வளவு வருஷம் இருந்தும், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காற்றும் மண்ணும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தும், என் வளவுக் காற்றை நான் தாளில் வைத்துப் பார்த்தது இன்றைக்குத்தான்.

*

புரட்டாதி

மேசன் தம்பியிடம் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு எழும்பிப் போய்த் தென்கிழக்கு மூலையில் ஒரு முளை அடித்தார். “கூரையை எப்பிடிப் போடுவம் ரீச்சர்?” என்றார். அடுப்படி வந்துவிட்டது.

தீர்மானித்தவை. அடுப்படி வீட்டோடு ஒட்டாது, எட்டடித் தாழ்வாரம் இடையில், மழையில் நனையாமல் போய்வர. அடுப்பு மேடை நின்று சமைக்கும் உயரம், கீழே ஒரு கிழமை விறகு காய்ந்தபடி கிடக்க இடம். இரண்டு எதிர்ச் சுவரிலும் யன்னல். புகைக்கூடு ஓட்டு முகட்டுக்கு மேலே நாலடி. பதிந்த கூட்டில் முகட்டைத் தாண்டும் காற்று புகையைத் திரும்பக் கீழே அமத்தும். உச்சியில் மழை மூடி, கரி துடைக்கக் கீழே கதவு. துடைக்க வழியில்லாத கூடு மூன்று வருஷத்தில் அடைக்கும். பிறகு ‘புகையில்லா அடுப்பு உதவாது’ என்று சொல்லி உடைப்பார்கள்.

*

அடுப்பு அனகி. சுட்ட களிமண், ஒரே வார்ப்பு, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானைக்கு நெருப்பு. 1980களில் இலங்கையிலேயே வடிவமைத்துக் குயவர்களுக்குப் பழக்கி விட்டது. முன் பானையில் சோறு கொதிக்க, தப்பிப் போகும் சூட்டில் பின் பானையில் பருப்பு அவியும். இந்தியாவில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலாளர் 1950களிலேயே புகையில்லாக் குசினிக்காகப் பாடுபட்டவர். அதற்குப் பிறகும் எத்தனை வீடு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: வீட்டுக்குள் எரிபொருட் புகையால் 2020இல் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். என் மாமியார் கடைசிக் காலத்தில் இருமி இருமி, தலையணை மூன்று வைத்து இருந்தபடியேதான் நித்திரை கொண்டார். ஒரு நாளும் பீடி தொட்டவரல்ல. ஊதுகுழலோடு ஐம்பது வருஷம். அவர் சமைத்த ஓலைக் கொட்டிலில் புகைக்குத் தேவையும் இருந்தது. ஓலையில் பூச்சி ஏறாது. பரணில் ஒடியலும் விதைப் பயற்றங்காயும் வண்டு பிடிக்காமல் கிடக்கும். புகையை வீட்டில் கொஞ்சம் தங்கவைத்தார்கள், காரணத்தோடு. விலையை அவர் நெஞ்சு கொடுத்தது. ஓட்டுக் கூரைக்கு அந்தக் காரணம் இல்லை. புகைக்கூடு ஆடம்பரம் என்று எனக்குச் சொன்னவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

*

ஐப்பசி

மழை. வேலை நின்றுவிட்டது. விறகு பற்றி.

ஊமல்: பிடிக்க நேரமெடுக்கும், பிடித்தால் கரிக்கட்டைத் தணல். தோசைக்கு நல்லது.
பொச்சு: புகை. மூட்ட மட்டும்.
கங்குமட்டை: படபடவென்று எரிந்து முடியும், தேத்தண்ணிக்குச் சரி.
முள்முருக்கு: விறகென்று சொல்லவே கூடாது.
பூவரசு: ஒரு கோடை காயவேண்டும்.
வீரை, பாலை: வன்னியிலிருந்து வரும், அரசன்.

தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. வேலிக் கதியால் வரை வெட்டி எரித்தோம். அப்போது பச்சை விறகோடு பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் கண் எரிகிறது. அதனால் ஒரு வருஷ விறகு முன்கூட்டியே காய்ந்து கிடக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. காஸும் வைக்கிறேன். மழை நாளில், காய்ச்சல் நாளில், இரவு பால் சுடவைக்க அது வேண்டும். இரண்டில் ஒன்று நிற்கும்போது மற்றது இருக்கவேண்டும்.

*

மார்கழி

மகள் தொலைபேசியில். கீழறை அடுப்பு இந்த முறை நன்றாகப் பிடிக்கிறதாம். சுவர் காய்ந்துவிட்டது, யன்னல் வியர்ப்பதில்லை. பேத்தி தானே மேலிருந்து மூட்டப் பழகிவிட்டாள், உறிஞ்சியை நிப்பாட்டச் சொல்லித் தாய்க்குச் சத்தம் போடுகிறாளாம். இன்னொரு வீடு கட்டுவதென்றால் அடுப்பை வீட்டின் நடுவில், மேலே, எல்லா அறையும் சுற்றிவரும்படி வைப்பேன் என்று மருமகன் சொல்கிறார்.

*

வைகாசி 2025

பால் காய்ச்சினோம். ஐயர் ஹோலின் நடுவில் மூன்று செங்கல் வைக்கச் சொன்னார். வைத்து, பன்னாடை ஒரு பிடி, மேலே காய்ந்த பூவரசங் குச்சி. புதுப் பானை, மஞ்சள் கட்டி. புது வீட்டில் முதல் நெருப்பு. கதவும் யன்னலும் எல்லாம் திறந்து கிடந்ததால் புகை வெள்ளை அடித்த சுவரில் படாமல் போய்விட்டது. பால் கிழக்கே பொங்கியது.

அதே தணலைச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தால் அடுப்படிக்குப் போனேன். இடித்த அடுக்களைச் சுவரின் கரிக்கல் ஒன்றை மேசன் தம்பி எனக்குச் சொல்லாமலே அடுப்பு மேடையின் மூலையில் வைத்துக் கட்டியிருக்கிறார், கறுத்த பக்கம் வெளியே தெரிய. தணலை அனகிக்குள் கொட்டி, பாலை விறகு இரண்டு வைத்தேன். முதலில் ஒரு தரம் புகை முகத்துக்கு வந்தது. கூடு புதிசு, குளிர். ஒரு கடதாசியை முறுக்கிக் கொளுத்தி மேல்வாயில் பிடித்தேன். ‘ஹூ’ என்றது.

வெளியே வந்து பார்த்தேன். சோளகம் தொடங்கிவிட்டது. புகை மூடியால் வெளியே வந்து, மாமரத்தைத் தொடாமல், கிணற்றுக்கு அப்பால் கடற்பக்கம் சாய்ந்து போனது. ஹோலுக்குள் ஆட்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் கண் கசக்கவில்லை. படம் பிடித்துப் பேத்திக்கு அனுப்பினேன். “நல்ல இழுவை அம்மம்மா” என்று எழுதியிருக்கிறாள்.

வாடைக்கு இன்னும் ஐந்து மாதம். பாலை விறகு அரை லொறி சொல்லியிருக்கிறேன், ஆனி முடியமுன் வந்துவிட்டால் ஆடி வெயிலில் காயும். புகைக்கூட்டின் மழை மூடியில் ஒரு ஆணி தளர்வாக இருக்கிறது, நாளைக்கு மேசன் தம்பியை ஏறிப் பார்க்கச் சொல்லவேண்டும்.